அபு சிம்பெல்: கோயில் மேலே போச்சு, ஊர் எங்கே போச்சு?

(ஒலிப்பதிவை வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

எகிப்து தொடர்ல இது மூணாவது எபிசோட். பிரமிட் கதையெல்லாம் போன ரெண்டுல முடிச்சாச்சு. இன்னைக்கு நாம தெற்கே போறோம். ரொம்பத் தெற்கே, கிட்டத்தட்ட சூடான் எல்லை வரைக்கும்.

அபு சிம்பெல். பேர் ஞாபகம் இல்லைன்னாலும் படம் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஒரு மலை. அந்த மலையின் முகத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நான்கு பிரம்மாண்ட உருவங்கள். ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர், அதாவது ஆறு மாடிக் கட்டட உயரம். நாலும் ஒரே ஆள்தான்: இரண்டாம் ராம்சேஸ். இடது பக்கத்திலிருந்து இரண்டாவது ராம்சேஸுக்கு மட்டும் இடுப்புக்கு மேலே ஒன்றும் இருக்காது. தலையும் தோளும் அவர் காலடியிலேயே உடைந்து கிடக்கும்.

அந்த மலை இருக்கு பாருங்க, அது மலை இல்லை. உள்ளே இருப்பது கான்கிரீட் குவிமாடம், சுமார் 60 மீட்டர் அகலத்தில். அதுக்கு மேல பாறையும் மணலும் கொட்டி மலை மாதிரி ஆக்கியிருக்காங்க. கோயில் 3,200 வருஷமாக இருந்த இடம் இப்போது ஏரித் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால் தள்ளி, திரும்ப அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இது நிறையப் பேருக்குத் தெரிந்த கதை. யூடியூப்பில் தேடினால் வரிசையாக வீடியோ வரும். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இன்ஜினியரிங் சாதனைகளில் ஒன்று என்று சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனா நேர்ல போய்ப் பார்த்தப்போ எனக்கு வேற ஒரு கேள்வி வந்தது. கோயிலுக்குப் பக்கத்துல ஒரு ஊர் இருந்திருக்கணுமே, அந்த ஊர் என்ன ஆச்சு?

முதல்ல எப்படிப் போறதுன்னு சொல்லிடறேன். அஸ்வானிலிருந்து சாலை வழியாக சுமார் 280 கிலோமீட்டர். பெரும்பாலான டூர் வண்டிகள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பும். வழியெல்லாம் பாலைவனம். மூன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கினால், ரெண்டு மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம், திரும்பவும் வண்டி. அந்த ரெண்டு மணி நேரத்தில் கைடு ராம்சேஸ் பற்றிச் சொல்வார், அறுத்த கதையைச் சொல்வார், போட்டோ எங்கே நின்று எடுக்கணும்னு சொல்வார். ஊரைப் பத்திப் பேச்சே வராது. அவரைக் குறை சொல்லவும் முடியாது, ரெண்டு மணி நேரத்துல எவ்வளவுதான் சொல்லுவார்?

கோயில் எதுக்காக அங்கே வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கணும். கி.மு. 13ஆம் நூற்றாண்டு. அஸ்வானுக்குத் தெற்கே இருக்கும் நிலம் நூபியா. அது எகிப்து இல்லை. வேறு மக்கள், வேறு மொழிகள், அங்கே தங்கம் கிடைத்தது. எகிப்திய அரசர்கள் அதைப் பல நூற்றாண்டுகள் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். ராம்சேஸ் அங்கே ஒன்றல்ல, வரிசையாகப் பல கோயில்களைக் கட்டினார். அதில் பெரியது இது. தெற்கிலிருந்து படகில் வருகிறவன் கண்ணில் முதலில் படுவது இந்த நாலு உருவங்கள். ‘இங்கே யார் ராஜா’ன்னு எழுதி வைக்கத் தேவையே இல்லை.

உள்ளே போனா கடேஷ் போர். கி.மு. 1274 வாக்கில் ஹிட்டைட்டுகளோடு இன்றைய சிரியாவில் நடந்த சண்டை. சுவர் முழுக்க ராம்சேஸ் தனி ஆளாகத் தேரில் நின்று எதிரிப் படையை விரட்டுகிறார். உண்மையில் அந்தப் போரில் யாரும் தெளிவாக ஜெயிக்கவில்லை. சுமார் 15 வருடம் கழித்து இரண்டு தரப்பும் சமாதான ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஆனால் பல கோயில் சுவர்களில் ‘நான்தான் ஜெயிச்சேன்’ என்று செதுக்கி வைத்துவிட்டார். அந்தக் காலத்து பி.ஆர். டீம் சும்மா இருக்கலை.

பக்கத்திலேயே சின்னக் கோயில், ராணி நெஃபர்டாரிக்கும் ஹாத்தோர் என்ற பெண் தெய்வத்துக்கும். அங்கே முகப்பில் ராணியின் சிலைகளும் ராஜாவின் சிலைகளும் ஏறக்குறைய ஒரே உயரம். எகிப்தில் இது ரொம்ப அபூர்வம். வழக்கமாக ராணி ராஜாவின் முழங்கால் உயரத்துக்குத்தான் இருப்பார்.

இன்னொரு சிற்பம் உண்டு, அவசரத்துல நிறையப் பேர் பார்க்காம தாண்டிப் போயிடுவாங்க. பெரிய கோயிலின் வாசலுக்குள் நுழையும்போது ரெண்டு பக்கமும் சிம்மாசனங்களின் அடிப்பகுதியைக் கவனிங்க. வரிசையாகக் கைதிகள், கயிற்றால் ஒருவரோடு ஒருவர் கட்டப்பட்டு மண்டியிட்டிருப்பார்கள். வடக்குப் பக்கம் இருப்பவர்கள் ஆசியர்கள். தெற்குப் பக்கம் இருப்பவர்கள் ஆப்பிரிக்கர்கள், நூபியர்கள். கோயில் நிற்கும் மண்ணுக்குச் சொந்தக்காரர்களே கல்லில் கட்டிப் போடப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கைதிகளை மனசுல வச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் கதை வேகமா ஓடுது. கி.மு. 593 வாக்கில் எகிப்தியப் படையில் கூலிக்குச் சேர்ந்த கிரேக்க வீரர்கள் இந்த வழியாக வந்து, ராம்சேஸின் காலில் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். இன்னிக்கும் இருக்கு. அப்புறம் மணல் மூடியது. 1813ல் புர்க்ஹார்ட் என்ற சுவிஸ் பயணி மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தலைகளைப் பார்த்தார். 1817 ஆகஸ்டில் பெல்சோனி என்ற இத்தாலியர் மணலை அள்ளி உள்ளே நுழைந்தார். இதைத்தான் ‘கண்டுபிடிப்பு’ங்கறாங்க. பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு அது எப்பவும் அங்கேதான் இருந்தது.

இப்போ அணைக்கு வருவோம். ‘அஸ்வான் அணை’ன்னு நாம ஒண்ணாச் சொல்றது உண்மையில் ரெண்டு அணை. முதல் அணை பிரிட்டிஷ்காரர்கள் கட்டியது, 1902ல் முடிந்தது. 1912ல் உயர்த்தினார்கள். 1933ல் மறுபடியும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் தெற்கே நூபியக் கிராமங்களுக்குள் தண்ணீர் வந்தது. வயல் போனது, பேரீச்சை மரங்கள் போயின. மக்கள் வீட்டை இன்னும் கொஞ்சம் மேட்டில் கட்டிக்கொண்டார்கள். விவசாய நிலம் சுருங்கச் சுருங்க ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் சமையல்காரர்களாக, வீட்டு வேலைக்காரர்களாக, வாயில் காவலர்களாகப் போனார்கள். ஊரில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். 1960க்கு முன்னாலேயே நூபியா மூணு தடவை மூழ்கின நிலம்.

இரண்டாவது அணை, நாசர் கட்டிய உயர் அணை. அமெரிக்காவும் பிரிட்டனும் கடன் தருகிறோம் என்று சொல்லிவிட்டு 1956 ஜூலையில் பின்வாங்கின. ஒரு வாரத்தில் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அதிலிருந்து போரே வந்தது. கடைசியில் சோவியத் உதவியோடு 1960 ஜனவரியில் வேலை ஆரம்பித்தது, 1970ல் முடிந்தது. உயரம் 111 மீட்டர், பின்னால் சுமார் 500 கிலோமீட்டர் நீள ஏரி. சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகும் தூரம், அவ்வளவும் தண்ணீர்.

அணை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்த நாடு. புதிதாகச் சுதந்திரமாக மூச்சு விட ஆரம்பித்த நாடு. 12 டர்பைன்கள், 2,100 மெகாவாட் மின்சாரம். 1980களில் எத்தியோப்பியாவிலும் சூடானிலும் வறட்சி வந்தபோது எகிப்து தாக்குப்பிடித்தது இந்த ஏரியால்தான். கெய்ரோவுல உட்கார்ந்து பார்த்தா அணை ஒரு வரம்.

ஆனால் ஏரி நிரம்பினால் அபு சிம்பெல் மூழ்கும். அது மட்டுமில்லை, டஜன் கணக்கில் கோயில்கள் போகும். 1959ல் எகிப்தும் சூடானும் யுனெஸ்கோவிடம் உதவி கேட்டன. 1960 மார்ச் 8ல் யுனெஸ்கோ உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். அணை கட்டுவது சோவியத் காசில், கோயிலைக் காப்பாற்ற அமெரிக்கக் காசும் வந்தது. பின்னாளில் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என்ற பட்டியலே உருவானதற்கு இந்த இயக்கம் ஒரு முக்கியக் காரணம்.

எப்படிக் காப்பாத்துறது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

பிரெஞ்சுக்காரர்களின் யோசனை: கோயிலை அங்கேயே விட்டுவிட்டுச் சுற்றி மண்ணும் பாறையும் கொண்டு ஒரு அணை கட்டிவிடலாம். ஏரிக்கு நடுவே ஒரு பள்ளத்தில் கோயில் இருக்கும். பிரச்சினை என்னன்னா, தண்ணி கசியும். காலம் முழுக்க பம்ப் ஓடணும். ஒரு நாள் பம்ப் நின்னா முடிஞ்சது. சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கறவங்களுக்கு இது புரியும். கட்டுறது ஒரு தடவை, பராமரிப்பு ஆயுசுக்கும்.

இத்தாலியர்களின் யோசனை: முழுக் கோயிலையும் மலையிலிருந்து ஒரே துண்டாக வெட்டி எடுத்து, கான்கிரீட் பெட்டிக்குள் வைத்து, நூற்றுக்கணக்கான ஹைட்ராலிக் ஜாக்கிகளை அடியில் கொடுத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கலாம். எடை 2 லட்சம் டன்னுக்கும் மேலே. எகிப்து அரசு முதலில் இதைத்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கான காசு சேரவில்லை.

பிரிட்டனிலிருந்து வந்த யோசனை இருக்கே, அதுதான் அழகு. சொன்னவர் வில்லியம் மெக்விட்டி, சினிமாத் தயாரிப்பாளர். 1958ல் டைட்டானிக் மூழ்கிய கதையைப் படமாக எடுத்தவர். அவர் சொன்னது, கோயிலைத் தண்ணிக்குள்ளேயே விட்டுடுங்க! சுற்றி ஒரு மெல்லிய சுவர், உள்பக்கம் வடிகட்டிய தெளிந்த நீர், வெளிப்பக்கம் ஏரி நீர். ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் சுவர் மெல்லியதாக இருந்தால் போதும். மக்கள் லிஃப்டில் இறங்கி, நீருக்குள் இருக்கும் அறைகளிலிருந்து கண்ணாடி வழியாக ராம்சேஸைப் பார்க்கலாம். கேலி மாதிரி இருந்தாலும் இதை வரைந்து கொடுத்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கட்டடக் கலைஞர்கள் ஜேன் ட்ரூவும் மேக்ஸ்வெல் ஃப்ரையும், சண்டிகர் நகரத்தை உருவாக்கியதில் பங்கெடுத்தவர்கள். பொறியாளர் ஓவ் அருப். இது நடக்கலைன்னு எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியில் 1963ல் தேர்வானது ஒரு ஸ்வீடிஷ் நிறுவனத்தின் திட்டம், கேட்கவே பயமா இருக்கற திட்டம்: அறுத்துடலாம்.

1964ல் வேலை ஆரம்பித்தது. அணை வேலையும் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்ததால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அதனால் முதலில் கோயிலைச் சுற்றி ஒரு தற்காலிகத் தடுப்பணை. பிறகு முகப்பு முழுவதையும் மணலால் மூடினார்கள், மேலேயிருந்து கல் விழுந்து சிலையின் மூக்கு உடைந்துவிடக்கூடாதே. கோயிலுக்கு மேலே இருந்த சுமார் 3 லட்சம் டன் பாறையை வெட்டி எடுத்தார்கள். கல் மிருதுவான மணற்கல் என்பதால் ரெசின் ஏற்றி இறுக்கினார்கள். அப்புறம் ரம்பம். கண்ணில் படும் முகப்பில் அறுவையின் அகலம் சில மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது கட்டளை. அதற்கு இத்தாலியிலிருந்து பளிங்கு அறுக்கும் தொழிலாளர்கள் வந்தார்கள், கைரம்பத்தோடு. 1965 அக்டோபரில் ராம்சேஸின் முகம் கிரேனில் தொங்கிக்கொண்டே மேலே போகும் அந்தப் புகழ்பெற்ற படம், கூகிள்ல தேடிப் பாருங்க.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். பெரியவை 20 டன்னுக்கும் மேலே. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மேலே ஒரு மைதானத்தில் எண் வாரியாக அடுக்கி வைத்து, எது எதுக்குப் பக்கத்தில் இருந்ததோ அதுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தார்கள். பண்டைக் காலத்து நிலநடுக்கத்தில் விழுந்த அந்த இரண்டாவது ராம்சேஸின் தலையை நிமிர்த்தி வைத்திருக்கலாம், எல்லா வசதியும் இருந்தது. வைக்கலை. பழைய இடத்தில் எப்படிக் கிடந்ததோ அப்படியே புது இடத்திலும் கிடத்தினார்கள். உடைஞ்சதைக்கூட உடைஞ்ச மாதிரியே நகர்த்தினாங்க.

சூரியன் கதையும் உண்டு. வருஷத்துக்கு ரெண்டு நாள் காலை வெயில் வாசலில் நுழைந்து, சுமார் 60 மீட்டர் உள்ளே இருக்கும் கருவறையில் விழும். நாலு சிலைகளில் மூன்றின் மேல் வெளிச்சம், ப்தாஹ் என்ற தெய்வம் மட்டும் இருட்டிலேயே. இடம் மாற்றியபோதும் அந்தத் திசையைக் காப்பாற்றினார்கள். முன்னே பிப்ரவரி 21, அக்டோபர் 21ஆக இருந்தது இப்போது 22 ஆகிவிட்டது என்பார்கள். அந்த நாட்கள் ராம்சேஸின் பிறந்தநாளும் முடிசூட்டிய நாளும் என்று கைடுகள் சொல்வதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

1968 செப்டம்பர் 22ல் திறப்பு விழா. செலவு சுமார் 4 கோடி டாலர். இந்த இயக்கம் மொத்தமாக 1980ல், ஃபிலே தீவுக் கோயிலை இடம் மாற்றி முடித்ததோடு நிறைவடைந்தது. அமாடா என்ற கோயிலைத் தண்டவாளம் போட்டு 2.6 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனார்கள். உதவிய நாடுகளுக்கு எகிப்து நன்றியாகக் கோயில்களையே கொடுத்தது. டெண்டூர் கோயில் 661 பெட்டிகளில் அமெரிக்கா போய் நியூயார்க் மியூசியத்தில் நிற்கிறது. டெபோட் கோயில் மட்ரிட்டில், ஒரு பூங்காவில்.

இந்தியாவும் ஒரு குழுவை அனுப்பியது, நிறையப் பேருக்குத் தெரியாது. தொல்லியல் துறையின் பி.பி. லால் தலைமையில் 1960களின் தொடக்கத்தில் அஃபியே என்ற இடத்தில் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளுக்கும் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைகளுக்கும் ஒற்றுமை இருப்பதாக லால் எழுதினார். இதை வச்சு ‘நூபியர்கள் தமிழர்களே’ன்னு யாராவது வாட்ஸப்ல அனுப்பினா என் பேரைச் சொல்லாதீங்க. ஒரே மாதிரி பானை சுட ரெண்டு ஊர்க்காரங்களுக்கும் தனித்தனியாவே தெரிஞ்சிருக்கலாம்.

சரி. இதுவரைக்கும் சொன்னது எல்லா டாக்குமெண்டரியிலும் வரும். இப்போ ஊர்.

அந்த 500 கிலோமீட்டரும் ஆளில்லாத பாலைவனம் இல்லை. நைலின் ரெண்டு கரையிலும் கிராமங்கள். எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 நூபியர்கள், சூடான் பக்கம் இன்னொரு 50,000. 1963 அக்டோபரிலிருந்து 1964 ஜூன் வரை, எகிப்திய நூபியாவை முழுதாகக் காலி செய்தார்கள். படகுகளில் ஏற்றி அஸ்வானுக்கு, அங்கிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வடக்கே கோம் ஓம்போவுக்கு. அதாவது ராம்சேஸின் முகம் கிரேனில் ஏறியபோது, அந்த ஊர்க்காரர்கள் போய் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

எங்க ஆபீஸ்ல ‘மைக்ரேஷன்’ங்கற வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவோம். நூபியர்கள் இதற்குச் சொல்லும் சொல் ‘தஹ்கீர்’. குடிபெயர்தல் என்று மொழிபெயர்த்தால் தப்பு. குடிபெயர்க்கப்படுதல்.

நூபிய வீடு எப்படி இருக்கும்? மண் செங்கல். பெரிய முற்றம். மரச் சாரமே இல்லாமல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிக் கட்டும் வளைவுக் கூரை. வெயிலுக்கு அது அவ்வளவு குளிர்ச்சி. ஹசன் ஃபதி என்ற புகழ்பெற்ற எகிப்தியக் கட்டடக் கலைஞர் 1940களில் இந்த வித்தையை நூபியக் கொத்தனார்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார். வெளிச்சுவரில் பெண்கள் வரைந்த ஓவியங்கள், பதித்து வைத்த பீங்கான் தட்டுகள். வாசலில் நின்றால் நைல் தெரியும். குழந்தை பிறந்தாலும் கல்யாணம் ஆனாலும் ஆற்றுக்குப் போக வேண்டும். ஆற்றுக்குள் ஆவிகள் உண்டு, அவற்றுக்கும் பங்கு உண்டு. ஒரு பேரீச்சை மரம் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருக்காது. பலர் பங்கு வைத்திருப்பார்கள். நீர் இறைக்கும் சக்கரத்திலும் அப்படியே பங்கு.

கோம் ஓம்போவில் அவர்களுக்குக் கிடைத்தது அரசு கட்டிக் கொடுத்த வீடுகள், வரிசை வரிசையாக, ஒட்டி ஒட்டி, கான்கிரீட் கூரையோடு. சில கிராமங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லா வீடும் முடிந்திருக்கவில்லை. நைல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். முதல் மாதங்களில் கைக்குழந்தைகளும் முதியவர்களும் நிறையப் பேர் இறந்தார்கள்.

எனக்கு மறக்க முடியாம போனது ஒதுக்கீடு செஞ்ச முறை. வீடுகள் அறைகளின் எண்ணிக்கைப்படி கட்டப்பட்டன. ஓர் அறை வீடுகளெல்லாம் ஒரு பக்கம், இரண்டு அறை வீடுகள் இன்னொரு பக்கம், பெரிய வீடுகள் வேறொரு பக்கம். உங்க குடும்பத்துல எத்தனை பேர்? அதுக்கேத்த வீடு. அவ்வளவுதான் கணக்கு. விளைவு என்ன? தனியாக இருக்கும் பாட்டிக்கு ஓர் அறை வீடு. ஆறு பேர் உள்ள மகன் குடும்பத்துக்குப் பெரிய வீடு. ரெண்டும் கிராமத்தின் வேறு வேறு மூலையில். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து வாசலில் இருந்தவர்கள் பிரிந்தார்கள்.

கல்லுக்கு எண் போட்டாங்கன்னு சொன்னேன் இல்லையா. எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் இருந்தது என்று அவர்களிடம் ஆவணம் இருந்தது. மனிதர்களையும் எண்ணினார்கள், தலைக்கணக்கு. யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாசர் அரசு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சாரம் என்று நிஜமாகவே வாக்குக் கொடுத்தது, அதில் பலவும் வந்தன. இளைஞர்கள் பலர் ஆர்வமாகவே போனார்கள் என்றும் பதிவு இருக்கிறது. ஆனால் என்ன தேவை என்று எழுதி வைக்கும் தாளில் ஒன்றை எழுதாமல் விட்டால் அதை யாரும் கட்டித்தர மாட்டார்கள். கோயிலுக்கான தாளில் அறுவையின் அகலம் மில்லிமீட்டரில் இருந்தது.

சூடான் பக்கம் இன்னும் மோசம். வாடி ஹல்ஃபா ஒரு நகரமாகவே இருந்தது. அரசாங்கம் தேர்ந்தெடுத்த புது இடமான காஷ்ம் அல் கிர்பா நைலில் இல்லை, நாட்டின் கிழக்கே அட்பாரா ஆற்றின் பக்கம், மழை பெய்யும் வேறு தட்பவெப்பம். 1960ல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். முடிவு மாறவில்லை. 1964 ஜனவரியில் முதல் ரயில் கிளம்பியது. கிளம்பும் முன் கல்லறைகளுக்குப் போய் இறந்தவர்களிடம் விடைபெற்றார்கள். அந்த வெளியேற்றத்தை மேற்பார்வை பார்த்த அதிகாரி ஹசன் தஃபல்லா பிறகு அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். கொஞ்சம் பேர் மட்டும் போக மறுத்தார்கள். ஏரி ஏற ஏற, கூடாரத்தையும் குடிசையையும் மேலே மேலே நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். இன்றைய வாடி ஹல்ஃபா அவர்களால் மிஞ்சிய ஊர்.

ஹம்சா எல் தீன் பற்றிச் சொல்லாம முடிக்க முடியாது. டோஷ்கா கிராமத்துக்காரர், 1929ல் பிறந்தவர். கெய்ரோவில் இன்ஜினியரிங் படித்து ரயில்வேயில் வேலை பார்த்தவர். அணை வரப்போகிறது என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஊத் வாத்தியத்தோடு நூபியக் கிராமங்களுக்குப் போனார். என்ன வரப்போகிறது என்று மக்களிடம் சொல்ல, மூழ்கப் போகும் ஊர்களின் பாட்டைச் சேகரிக்க. 1971ல் வந்த அவருடைய ‘எஸ்கலே’ ஆல்பத்தின் பெயருக்கு அர்த்தம் நீர்ச்சக்கரம். இருபது நிமிடத்துக்கும் மேலே போகும் அந்தப் பாட்டைக் கேட்டால், மாடு சுற்றிச் சுற்றி வருவதும் சக்கரம் முனகுவதும் கேட்கும். ஹெட்ஃபோன் போட்டு, விளக்கணைச்சுட்டுக் கேளுங்க. அந்தச் சக்கரம் இருந்த ஊர் இப்போ தண்ணிக்கு அடியில.

திரும்பப் போகணும்னு அவங்க கேட்கவே இல்லையான்னா, கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. 2014 ஜனவரியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட எகிப்திய அரசியல் சாசனத்தின் 236ஆவது பிரிவு, பத்து வருடங்களுக்குள் நூபியர்களை அவர்களுடைய பூர்விகப் பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவரத் திட்டம் போட வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டின் கடைசியில் ஒரு ஜனாதிபதி ஆணை, 444ஆம் எண். எல்லையோரப் பகுதிகள் ராணுவ மண்டலம் என்று அறிவித்தது. திரும்ப வேண்டிய கிராமங்கள் பலவும் அந்த மண்டலத்துக்குள் வந்துவிட்டன. 2017 செப்டம்பரில் அஸ்வானில் நூபியர்கள் தஃப் என்ற பறையைத் தட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே ஊர்வலம் போனார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள், அவர்களில் ஒருவர் காவலிலேயே இறந்தார். 2024ல் அந்தப் பத்து வருடக் கெடுவும் முடிந்துவிட்டது.

எகிப்து போறவங்களுக்கு ஒரு விஷயம். அஸ்வானிலிருந்து லக்சருக்குக் கப்பலில் போனால் கட்டாயம் கோம் ஓம்போவில் நிறுத்துவார்கள். ஆற்றங்கரையில் அழகான ரெட்டைக் கோயில், முதலைத் தெய்வம் சோபெக்குக்கு ஒரு பாதி. பக்கத்தில் முதலை மம்மிகளுக்கு ஒரு மியூசியம். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்கள். அங்கிருந்து கிழக்கே, ஆற்றை விட்டுத் தள்ளித்தான் அந்தக் குடியேற்றம், நாஸ்ர் அல் நூபா. போனவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். வரைபடத்தில் பார்த்தால் பல்லானா, குஸ்துல், டோஷ்கா, கலாப்ஷா எல்லாமே அங்கே இருக்கும். டெபோட் இருக்கும், கோயில் மட்ரிட்டில். அபு சிம்பெல் என்றும் ஒரு ஊர் இருக்கும், ராம்சேஸிடமிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேலே வடக்கே. சிம்மாசனத்துக்குக் கீழே கயிற்றால் கட்டுண்ட நூபியர்கள் மட்டும் பழைய வரிசையிலேயே, பழைய ஏரிக்கரைப் பக்கம் மண்டியிட்டிருக்கிறார்கள்.

அடுத்த எபிசோட் ஃபிலே. வருஷத்தில் பாதி நாள் தண்ணிக்குள்ளேயே நின்ன கோயில், கடைசி ஹைரோகிளிஃப் எழுதப்பட்ட இடம். நூபியாவிலிருந்து யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, இல்ல உங்களுக்கு அங்கே யாரையாவது தெரியும்னா, எனக்கு எழுதுங்க. பேசணும்.